ஆய்வகத்துக்கு ஒரு கூரை வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் உயர்நிலைப் பள்ளி மிகச் சிறியது. பெரிய பள்ளியில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள், வீட்டு வேலைக்காகப் பாதியில் நின்றவர்கள், கணக்கு என்றாலே ஒதுங்கியவர்கள்தான் இங்கே அதிகம். ஒரு பாடம் புரிந்த பிறகே அடுத்ததற்குப் போகிறோம்.

அறிவியல் செய்முறை வகுப்பு இப்போது வராந்தாவில்தான் நடக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்திருந்தோம். இருப்பது ஒன்றே ஒன்று. "செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு" என்று முன்னால் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல, வரிசையில் கடைசியாக நின்ற மாணவி குனிந்தாள். அதற்குள் சாரல் அடித்துவிட்டது. துண்டால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினோம். மறுநாள் எடுத்தபோது தோல் காய்ந்து சுருண்டிருந்தது.

பள்ளி சிறியதாக இருப்பதில் எங்களுக்குக் குறையில்லை. 1844-இல் டென்மார்க்கின் ரோடிங்கில் கிராமத்து இளைஞர்களுக்காகத் தொடங்கிய மக்கள் உயர்பள்ளியும் எளிமையானதுதான். 1901-இல் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே மரத்தடியில் பாடம் நடந்தது. ஆனால் மரத்தடியில் கவிதை படிக்கலாம், வேதியியல் செய்முறை முடியாது. அமிலக் குப்பிகளைப் பூட்டிவைக்க அலமாரி, புகை வெளியேற ஜன்னல், கையில் பட்டால் உடனே கழுவத் தண்ணீர்க் குழாய் எல்லாம் வேண்டும். பிள்ளைகளின் கண்ணும் கையும் சம்பந்தப்பட்டது, இதில் சமாளித்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை.

கட்டணத்தை ஏற்றலாமே என்று சிலர் கேட்டார்கள். ஏற்றினால் முதலில் நிற்கப்போவது யாருக்காக இந்தப் பள்ளி இருக்கிறதோ அந்தப் பிள்ளைகள்தான். அதனால் மறுத்துவிட்டோம்.

அஸ்திவாரத்தைப் பெற்றோரும் மாணவர்களும் சேர்ந்தே தோண்டிக் கட்டிவிட்டோம். சுவரும் கூரையும் பாக்கி. அப்புறம் அலமாரி, மேசை, இன்னும் இரண்டு மைக்ரோஸ்கோப். பணமாகத்தான் வேண்டும் என்றில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய கருவிகள், மரம், ஓடு, கொத்தனார் அல்லது எலக்ட்ரீசியனின் ஒரு நாள் உழைப்பு, எதுவானாலும் சரி. சிறு தொகை என்று தயங்க வேண்டாம். கொடுத்தவுடன் ரசீது தருவோம், வரவு செலவை மாதாமாதம் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டுவோம்.

அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய நினைப்பவர்கள் பள்ளி நடக்கும் எந்த நாளிலும் வரலாம்.

இப்படிக்கு,
பள்ளிக் கட்டடக் குழுவினர்