சௌராஷ்ட்ரப் பேச்சைப் பதிவு செய்ய உதவிய எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுப் பெரியவர்கள் பேசும் நம் தாய்மொழி சௌராஷ்ட்ரத்தை அப்படியே பதிவு செய்து எழுத்திலும் போட்டு வைக்கலாம் என்று தொடங்கிய வேலை ஒருவழியாக முடிந்தது. தனித்தனியாக நன்றி சொல்லப் போனால் யாராவது விடுபட்டுவிடுவார்கள், அதனால் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி மதுரை மகால் பக்கத்துப் பாட்டிமாருக்கு. "இதையெல்லாமா பதிவு பண்ணுவாங்க?" என்று சிரித்தார்களே தவிர, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட காலம், கல்யாணச் சமையல், மாமியார் சண்டை என்று அவர்கள் பேசியதைக் கேட்க எத்தனை மணி நேரமும் போதாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தப் பேச்சு கிடைக்காது.

பரமக்குடி, சேலம் உறவுகளுக்கும் நன்றி. மதுரைக்காரர்கள் தாங்கள் பேசுவதுதான் சரி என்பார்கள், சேலத்துக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள்! நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன். தெலுங்கு, கன்னட, தமிழ்ச் சொற்களை எடுத்துவிட்டு 'சுத்தமாக' எழுதச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம். குஜராத் பக்கமிருந்து அந்த நாடுகள் வழியாகத்தான் வந்தோம் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம், வந்த வழியில் சேர்ந்ததை எதற்கு உதற வேண்டும்?

எழுத்து வேலைதான் பெரும்பாடு. சௌராஷ்ட்ரத்துக்கென்று உள்ள தனி எழுத்தில் பாடநூல்கள் எழுதிய ராமராய் (1852–1913) காலத்துப் புத்தகங்களை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். மூக்கொலிகளோடும் ல, ர ஒலிகளோடும் சேர்ந்து வரும் ஹகரத்துக்கு நம் எழுத்தில் 'ஹாரு' என்று தனிக்குறியே இருக்கிறது, தமிழ் எழுத்தில் அதைக் காட்டப் படாத பாடு படவேண்டும். கணினி, போன்களுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடில் 2008-இல் சேர்ந்த எழுத்துதான், ஆனாலும் என் போனில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. ராத்திரி உட்கார்ந்து எழுத்துருவைச் சரிசெய்து கொடுத்த தம்பிக்குப் பிரியாணி பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

சௌராஷ்ட்ரத்தில் பக்திப் பாடல்கள் பாடிய நடனகோபால நாயகி சுவாமிகளின் பாடல்களைப் பொறுமையாக, வரி வரியாகப் பாடிக்காட்டிய பஜனைக் குழுவினருக்கும் நன்றி. அப்புறம், தாய்மொழி சௌராஷ்ட்ரம் என்று 2011 கணக்கெடுப்பில் பதிவானவர்கள் 2,47,702 பேர். வீட்டில் இதைப் பேசிக்கொண்டே கணக்கெடுக்க வந்தவரிடம் தமிழ் என்று சொன்னவர்கள் நிறைய இருப்பார்கள் என்பது என் சந்தேகம், எங்கள் தெருவிலேயே உண்டு.

பேசியவர்கள் எல்லோருக்கும் அவரவர் பதிவைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து வருகிறேன். இன்னும் கைக்கு வராதவர்கள் பேரன் பேத்தியிடம் சொல்லியனுப்புங்கள். மாமியார் சண்டைப் பகுதியை நீக்கச் சொன்ன அத்தை, நீக்கிவிட்டேன், நிம்மதியாக இருங்கள்.