பெர்ரியில் பார்த்த செவலை

சிட்னி,
ஜூன் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நாலு பேரும் நலம். மேட்டூர் திறந்தாச்சு என்று அப்பா சொன்னதிலிருந்து பாமணியாற்றில் தண்ணீர் வந்ததா என்பதே நினைப்பாக இருக்கிறது. வந்ததும் போன் பண்ணச் சொல்.

"அந்த ஊரில் மாடு கன்று உண்டா?" என்று போன தடவை கேட்டாயே, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். விடியற்காலையில் கிளம்பி, ஹெலன்ஸ்பர்க் பெருமாளைச் சேவித்துவிட்டு, கடலோரமாகவே தெற்கே போனோம். மன்னார்குடியிலிருந்து நாகப்பட்டினம் போனால் வழியெல்லாம் சமதரைதான், கடல் வருவதே தெரியாது. இங்கே மலை நேராகக் கடலில் வந்து இறங்குகிறது. பாறை சரிந்து சரிந்து விழுந்ததால், 2005-ல் பாதையையே மலையிலிருந்து விலக்கி, கடலுக்குமேல் 665 மீட்டருக்குப் பாலமாகக் கட்டிவிட்டார்கள். கீழே அலை அடிக்க, மேலே கார் போகிறது. சின்னவள் என் கையை விடவே இல்லை.

கியாமாவில் பாறை ஓட்டை வழியாகக் கடல் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பார்க்க ஒரே கூட்டம். அன்றைக்கு அலை குறைவு. சரி என்று கிளம்பிவிட்டோம்.

அப்புறம் பெர்ரி. சின்ன ஊர்தான். ஒரே ஒரு பெரிய தெரு, இரண்டு பக்கமும் தாழ்வாரம் இறக்கிய பழைய கடைகள். நம்ம அக்ரகாரத்துத் திண்ணை மாதிரி, தெருவில் போகிறவர் உட்கார பெஞ்சு போட்டிருக்கிறார்கள். ஊரைத் தாண்டினதும் மேற்கே மலை, நடுவே கண்ணுக்கு எட்டின வரை புல். நம்ம நடவு வயல் இருபதாம் நாள் இருக்குமே, அந்தப் பச்சை.

அந்தப் புல்லில் செவலை மாடுகள், அம்மா! இந்தச் சீமையிலேயே உருவான இனமாம், இல்லவாரா என்று பெயர். வேலியோரம் நின்றேன், ஒன்று வந்து என் சட்டைக் கையை நக்கியது. அதே சொரசொரப்பான நாக்கு, அதே மூச்சுச் சூடு. மூக்கணாங்கயிறும் இல்லை, கழுத்தில் கயிறும் இல்லை. காதில் மஞ்சள் வில்லை மட்டும். மடியைப் பார்த்தால் நீ அசந்துவிடுவாய். ஆனால் யாரும் கையால் கறப்பதில்லை, எல்லாம் மெஷின்தான். கன்றைப் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே பிரித்துவிடுவார்களாம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நம்ம ஊர் பால் சொசைட்டி மாதிரி, கியாமா விவசாயிகள் 1884-லேயே ஒன்றாகச் சேர்ந்து வெண்ணெய் ஆலை தொடங்கியிருக்கிறார்கள். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

இங்கே வந்த மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் சாணி வாசம் பிடித்தேன். வேலியை விட்டு வர மனசே இல்லை. அடுத்த வருஷம் அறுப்பு முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

நம்ம செவலைக்கு நாள் நெருங்கிவிட்டதே, ராத்திரியில் எழுந்து பார்த்துக்கொள்கிறாயா? ஈன்றதும் கிடாரியா காளையா என்று சொல். சீம்பாலில் முதல் கிண்ணம் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடு.

உன் மகள்