பாஸ்டன் அணியைக் கலைத்தது கஞ்சத்தனம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி, ஜூரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் என்ற இரண்டு முக்கிய ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டதைப் பற்றிச் சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். பழி முழுவதையும் முதலாளிகளின் கஞ்சத்தனத்தின் மேல் இறக்கிவைத்துவிட்டார் கட்டுரையாளர். முப்பது வருடம் பிறத்தியார் கணக்கைத் தணிக்கை செய்தே காலம் தள்ளியவன் நான். கணக்கு இடித்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் பக்கச் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். மகன் குடும்பம் பாஸ்டன் பக்கத்தில் இருக்கிறது. பேரன் தயவில் நானும் ஆறு வருடமாகப் பச்சைக் கட்சி (செல்டிக்ஸின் நிறம் பச்சை). 2024 ஜூன் 18 அன்று நமக்குக் காலை ஆறு மணிக்கு இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். முதல் பாதி முடியும் கடைசி நொடியில் பேட்டன் பிரிச்சர்ட் மையக்கோட்டுப் பக்கத்திலிருந்து வீசிய பந்து வளையத்துக்குள் விழுந்தபோது, கையில் இருந்த காபி பாதி வேட்டியில். டல்லாஸை 106-88 என்று வென்று 18-வது பட்டத்தை வாங்கினார்கள். ஒரே வருடத்தில் அந்த அணி கலைந்துவிட்டதே என்ற ஆற்றாமை எனக்கும் உண்டு. ஆனால் காரணம் வேறு.

என்பிஏ-வில் ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு கோடு இல்லை, நாலு கோடு. 2025-26 பருவத்துக்கு உச்சவரம்பு 15.46 கோடி டாலர். இந்த உச்சவரம்பைத் தாண்டக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். சொந்த ஆட்டக்காரரை மறுபடி ஒப்பந்தம் செய்ய எல்லோரும் தாண்டுவார்கள். 18.79 கோடியில் சொகுசு வரி தொடங்கும். அதற்கு மேல் 19.59 கோடியில் முதல் ஏப்ரன், 20.78 கோடியில் இரண்டாவது ஏப்ரன். (சமையல்காரர் இடுப்பில் கட்டும் துணியின் பெயரை இதற்கு எந்த மகானுபாவர் வைத்தாரோ!) வரி என்பது பணத்தோடு போகும் வலி. நாலு வருடத்தில் மூன்று முறை வரி கட்டிய அணியாக இருந்தால், கோட்டைத் தாண்டும் முதல் தட்டிலேயே ஒரு டாலருக்கு மூன்று டாலர் வரி. தட்டு ஏற ஏற விகிதமும் ஏறும். 2025-26-ல் பாஸ்டன் அந்த வகையில்தான் வந்தது. எல்லோரையும் வைத்துக்கொண்டிருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தொட்டிருக்கும் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கணக்குப் போட்டன. சரி, பணம்தானே, கட்ட வேண்டியதுதானே என்று கேட்கிறார் கட்டுரையாளர்.

கட்டலாம்தான். 2025 மார்ச்சில் அணியை 610 கோடி டாலர் மதிப்பில் பில் சிஸ்ஹோம் தலைமையிலான குழுவுக்கு விலை பேசி முடித்தார்கள். பழைய முதலாளிகள் 2002-ல் வாங்கிய விலை 36 கோடி. இதில் யாரும் நஷ்டக் கணக்கு காட்ட முடியாது. டிடி கார்டன் அரங்கம் செல்டிக்ஸுக்குச் சொந்தமில்லை, அங்கே அவர்கள் வாடகைக்குத்தான் ஆடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வருமானத்தில் கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டாவது ஏப்ரனைத் தாண்டினால் விழுகிற அடி பணத்தில் இல்லை. இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி, அதற்கு ஈடாகப் பெரிய சம்பளக்காரர் ஒருவரை ட்ரேடில், அதாவது அணிகளுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும் பேரத்தில், வாங்க முடியாது. ட்ரேடில் பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது. வெளியிலிருந்து நடுத்தரச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் சலுகை பறிபோகும். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருகிறவர்களைத்தான் எடுக்கலாம். ஏழு வருடம் தள்ளி வரப்போகும் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு முடக்கப்படும். (டிராஃப்ட் என்பது புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது; மோசமாகத் தோற்ற அணிகளுக்குத்தான் வரிசையில் முன்னிடம் கிடைக்கும்.) அதன் பிறகும் கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தால், எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் அந்த வாய்ப்பு சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஆடச் சொல்கிற கதை. எத்தனை கோடி வைத்திருக்கிற முதலாளியும் இதைக் காசு கொடுத்து அவிழ்க்க முடியாது. கட்டுரை இந்த விதியைத் தொடவே இல்லை.

இப்போது 2025 கோடையில் நடந்த பேரங்களைப் பாருங்கள். ஹாலிடேக்கு அப்போது 35 வயது. இன்னும் மூன்று வருடத்துக்கு 10.4 கோடி டாலர் பாக்கி. அவரைப் போர்ட்லண்டுக்குக் கொடுத்து ஆன்ஃபர்னி சைமன்ஸை வாங்கினார்கள். சைமன்ஸுக்கு 26 வயது, ஒப்பந்தம் ஒரே வருடம்தான், தொகை 2.77 கோடி. போர்சிங்கிஸின் 3.07 கோடி அட்லாண்டாவுக்குப் போயிற்று. பதிலுக்கு வந்த ஜார்ஜ் நியாங்கின் சம்பளம் 82 லட்சம். ஆட்டத் திறமையில் இவை சமமான பேரங்களா என்று கேட்டால் இல்லை. இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே இறங்க ஒரு ஏணி தேவைப்பட்டது, இறங்கினார்கள். 2025 மே மாதம் நியூயார்க்கில் 42 புள்ளிகள் எடுத்த ஆட்டத்திலேயே அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டமுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. 2025-26 பருவத்தில் பெரும்பகுதி அவர் இல்லை என்று ஆன பிறகு, கையைக் கட்டிக்கொண்டு மேலேயே நிற்பதில் என்ன லாபம்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹாலிடேயும் போர்சிங்கிஸும் வந்ததே 2023-ல், புதிய தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சம்மதித்த பிறகு. இந்த இரண்டாவது ஏப்ரன் வரப்போவது தெரிந்தேதான் அணி நிர்வாகத் தலைவர் பிராட் ஸ்டீவன்ஸ் அவர்களைச் சேர்த்தார். தெரிந்தே வாங்கிய இரண்டு வருடம். அதில் ஒரு கோப்பை வந்தது. எனக்கு இது நஷ்டமாகத் தெரியவில்லை.

என் வருத்தமெல்லாம் விதியின் மேல்தான். அது ஏன் வந்தது என்பது தெரிந்த கதை. 2016-ல் புதிய தொலைக்காட்சிப் பணம் வந்து உச்சவரம்பு 7 கோடியிலிருந்து ஒரே தாவலில் 9.41 கோடிக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் சொன்னதை ஆட்டக்காரர் சங்கம் ஏற்கவில்லை. அந்தக் கோடையில் கோல்டன் ஸ்டேட் அணியின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரியின் சம்பளம் 1.2 கோடிதான், கணுக்கால் காயங்களோடு இருந்த காலத்தில் போட்ட ஒப்பந்தம். முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்ற அந்த அணி, உச்சவரம்பில் கிடைத்த இடத்தில் இன்னொரு நட்சத்திரமான கெவின் டுராண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டது.   பின்னாளில் அதே கோல்டன் ஸ்டேட் 2021-22-ல் வரியாக மட்டும் 17 கோடி டாலர் கட்டிக் கோப்பையும் வாங்கியது. மற்ற முதலாளிகளுக்கு வயிறு எரியாமல் இருக்குமா?

ஆக, பணத்தால் அணியை வாங்குவதைத் தடுக்கத்தான் விதி. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் டுராண்ட் தன் பழைய அணியை விட்டுப் போன சூட்டோடு சூடாக இன்னொரு விதியும் வந்தது: சொந்த அணியிலேயே தங்கும் பெரிய ஆட்டக்காரருக்கு உச்சவரம்பில் 35 சதவீதம் வரை கொடுக்கலாம், அதை அவருடைய அணி மட்டும்தான் கொடுக்க முடியும். சூப்பர்மேக்ஸ் என்பார்கள். டேட்டமும் ஜெய்லன் பிரவுனும் பாஸ்டன் டிராஃப்டில் எடுத்து வளர்த்த பிள்ளைகள். இருவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். 2025-26 பருவத்தில் இருவர் சம்பளம் மட்டும் 10.7 கோடி. ஒரு கையால், உன் பிள்ளையை நீயே வைத்துக்கொள், அதற்காகக் கூடக் கொடு என்கிறது லீக். மறு கையால், கூடக் கொடுத்தாயே என்று குட்டுகிறது. தணிக்கையில் இப்படி ஒன்றை நான் பார்த்திருந்தால் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

திருத்தம் ஒன்றும் பிரமாதமில்லை. சூப்பர்மேக்ஸை முழுதாகவே கொடுக்கட்டும். ஏப்ரன் கணக்கில் மட்டும் 30 சதவீதமாக ஏற்றட்டும். டேட்டம், பிரவுன் இருவருக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 1.5 கோடி குறையும். ஆட்டக்காரர்களுக்கு ஒரு காசு போகாது. எப்படியும் லீக் வருமானத்தில் 49 முதல் 51 சதவீதம் மொத்தமாக அவர்களுக்கு என்றுதான் ஒப்பந்தம். இது ஹாலிடேயைக் காப்பாற்றியிருக்குமா என்றால், இருக்காது. போர்சிங்கிஸையும் காப்பாற்றியிருக்காது. ஆனால் ஒரு நல்ல மாற்று ஆட்டக்காரரையாவது வைத்துக்கொண்டிருக்கலாம். லூக் கோர்னெட் சான் ஆன்டோனியோவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

அடுத்து இந்தக் கோட்டில் வந்து நிற்கப்போவது ஓக்லஹோமா சிட்டி. 2025 ஜூனில் கோப்பை வாங்கிய கையோடு அணியின் நட்சத்திரம் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு 4 வருடத்துக்கு 28.5 கோடி டாலர் எழுதியாயிற்று. செட் ஹோம்கிரென், ஜேலன் வில்லியம்ஸ் இருவருக்கும் அவரவர் உச்ச ஒப்பந்தம். 2012-ல் இதே ஊர்தான் சம்பளக் கணக்கு ஒத்துவரவில்லை என்று ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. அன்று அணி கஞ்சத்தனம் செய்தது என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இந்த முறை இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அங்கே ஆள் குறையும்போது, உங்கள் கட்டுரையாளர் அவசரப்பட்டு அதே வார்த்தையை எழுதிவிடக் கூடாது.

பேரனின் பச்சை ஜெர்சியில் முதுகில் ஹாலிடே பெயர், 4-ஆம் எண். போன பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. இதை என்ன செய்வது மாமா என்று மருமகள் போனில் கேட்டாள். போர்ட்லண்ட் பாஸ்டனுக்கு ஆட வரும் நாள் வரை பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
திருச்சி