மணல் மூடிய நிலத்தை மீட்க உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 2019 மார்ச் மாதம் மிசூரி ஆற்றின் கரைகள் உடைந்து அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள ஃப்ரீமாண்ட் கவுண்டிக்குள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வெள்ளம் புகுந்தபோது, ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருந்த எங்கள் நாற்பது ஏக்கரும் மூழ்கிப் போயின. அக்டோபரில்தான் தண்ணீர் முழுவதும் வடிந்தது. முழங்கால் அளவுக்கு மணல் மேவிக் கிடந்தது. அதன்மேல் யார் யார் வயலிலிருந்தோ அடித்து வரப்பட்ட மக்காச்சோளத் தட்டை பாய் விரித்தாற்போல் படிந்திருந்தது. சோயா சேமித்து வைத்திருந்த இரும்புக் குதிர், நனைந்த தானியம் ஊறிப் பருத்ததால் வெடித்துப் பிளந்து நின்றது.

முதல் நன்றி, அமெரிக்க வேளாண் துறையின் கீழுள்ள வேளாண் சேவை முகமையின் கவுண்டி அலுவலகத்தில், நிலத்தை மீட்க அரசு உதவி கேட்ட எங்கள் விண்ணப்பத்தைக் கவனித்த அம்மையாருக்கு. என் கணவர் மண் அள்ளும் இயந்திரத்தை வாடகைக்குப் பேசி முடித்திருந்த நேரத்தில் அந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்து, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் ஒரு கூடை மணலைக்கூட அள்ள வேண்டாம் என்றும், எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கும்படியும் கண்டிப்பாகச் சொன்னார். பேரிடரில் கெட்ட விளைநிலத்தைச் சீராக்கும் செலவில் அரசு பங்கு தரும் அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டத்தில், விண்ணப்பிக்கும் முன்பே வேலையைத் தொடங்கினால் உதவி கைநழுவிப் போகக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த ஓர் அழைப்பு வராதிருந்தால் முழுச் செலவும் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

அடுத்து, நிலத்தைப் பார்வையிட வந்த தொழில்நுட்ப அலுவலருக்கு. இருபது அடிக்கு ஒருமுறை இரும்புக் கம்பியை மணலில் இறக்கி, அது நல்ல மண்ணில் முட்டி நின்ற இடத்தில் விரலை வைத்துப் பிடித்து, அளவைக் குறித்துக்கொண்டு, குளிர்காற்றில் அரை நாள் நடந்தார்.

உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கவுண்டிக் குழுவினருக்கும், 2019 ஜூன் மாதம் இத்திட்டத்துக்கு 55.8 கோடி டாலர் ஒதுக்கிய நாடாளுமன்றத்துக்கும் நன்றி. செலவில் 75 விழுக்காடு வரை அரசு ஏற்கும். ஆனால் வேலை முடிந்த பிறகே பணம் வரும் என்றால், ஓராண்டு விளைச்சலை இழந்த குடும்பம் டீசலுக்கு எங்கே போகும்? வேலியைச் சரிசெய்யும் செலவுக்கு மட்டும், அரசு தரும் உதவியில் 25 விழுக்காடு வரை முன்பணமாகப் பெறலாம் என்றும், அதை 60 நாளுக்குள் செலவிட வேண்டும் என்றும் 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம் வகை செய்திருந்ததால், கைப்பணத்தை மிச்சம் பிடித்து, நிலம் உறைவதற்கு முன் இயந்திரத்தை இறக்க முடிந்தது.

இம்மடலைத் தமிழில் எழுதுவது ஒமாஹா நகரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக. தட்டைக்குள் சிக்கியிருந்த முள்கம்பியையும் தகரத்தையும் கையால்தான் பிரிக்க முடியும் என்று கேள்விப்பட்டு, நவம்பரில் மூன்று சனிக்கிழமைகள் பிள்ளைகளோடு வந்து பொறுக்கிக் கொடுத்தீர்கள். ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த அம்மா ஒருவர், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அனைவருக்கும் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் பரிமாறினார். மணல் நீங்கிய இடத்தில் ஒரு பிடி கறுப்பு மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்து, “நம்ம கோவில்பட்டிக் கரிசல் மாதிரியே இருக்கே, விளையும் தாயி” என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

அம்மா, விளைந்தது. இந்த 2020 அக்டோபரில் நாற்பது ஏக்கரில் முப்பத்தொன்றை அறுவடை செய்தோம். மீதி ஒன்பதில் வெள்ளம் பறித்த பள்ளங்களை இன்னும் நிரப்பி வருகிறோம். அகற்றிய மணல் வேலியோரம் குவிந்திருக்கிறது. வழி போடவோ கட்டட வேலைக்கோ தேவைப்படும் அண்டை வீட்டார் வண்டி கொண்டுவந்து தாராளமாக எடுத்துச் செல்லலாம்.

நன்றியுடன்,
ஃப்ரீமாண்ட் கவுண்டியிலிருந்து ஓர் உழவர் குடும்பம்