மருத்துவருக்கும் கொஞ்சம் நாடகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 2009-ல் தொடங்கிய மையம், ஒத்திகையில்லா நடிப்பின் மூலம் அறிவியலாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பேசக் கற்றுத் தருகிறது. எதிரில் நிற்பவரின் அசைவைக் கண்ணாடிபோல் செய்து காட்டுவது ஒரு பயிற்சி. முகம் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது.

இங்கே கடலில் பாசி எடுக்கும் பெண், விரல்களில் சுற்றிய துணியோடு வந்து அமர்கிறார். மருத்துவர் தலை நிமிர்வதற்குள் மருந்துச் சீட்டு தயார். கூட்டம் அதிகம்தான், மறுக்கவில்லை. துணியை அவிழ்க்கச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறையும் பாடம். 2022-ல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, அதற்கு ஆள் தேடி அலைய வேண்டாம். ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய தர்க்கம் செய்யும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் நம் கோயில் திருவிழாக்களிலேயே இருக்கிறார்கள். வகுப்புக்கு அழைக்கலாமே, உரிய சன்மானத்தோடு!

– வாசகர், மண்டபம்