ஒரே மூச்சிலா பாடினார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் இசைப் பக்கத்தில் 'டஸ்டி இன் மெம்பிஸ்' ஆல்பம் பற்றிய கட்டுரை படித்தேன். லண்டனில் பாப் பாட்டுப் பாடிப் பேர் வாங்கிய டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட், அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசைப் பக்கம் திரும்பியதை எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் "மெம்பிஸில் போய் இறங்கினார், ஒரே மூச்சில் பாடி முடித்தார்" என்றொரு வரி வருகிறதே, அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. 1968 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில் கிதார் ரெஜி யங், பேஸ் டாமி காக்பில் எல்லாரும் தயார். பாட வேண்டியவருக்குத்தான் பாட்டு வரவில்லை. தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் எழுபது எண்பது பாட்டு எடுத்துவைத்தும் முதலில் ஒன்றுகூட டஸ்டிக்குப் பிடிக்கவில்லையாம். 'இங்கேதான் ஓடிஸ் ரெடிங் நின்றார், இங்கேதான் அரீத்தா பாடினார்' என்று பெரிய சோல் பாடகர்கள் பேரைச் சொல்லிச் சொல்லியே தன்னை ஒடுக்கிவிட்டார்கள் என்று டஸ்டியே பிற்பாடு வருந்தியிருக்கிறார். கடைசியில் அவர் குரலைப் பதிவு செய்தது நியூயார்க்கில். ஆல்பத்தின் பெயரில் மெம்பிஸ் இருந்தால் போதும் போலிருக்கிறது உங்கள் கட்டுரையாளருக்கு.

நான் பதினோரு வருஷம் கோடம்பாக்கத்தில் கோரஸ் பாடியவள். ஒருமுறை நாலு வரி தனியாகப் பாடக் கூப்பிட்டார்கள். "இதே மைக்லதாம்மா பெரியவங்க எல்லாம் பாடியிருக்காங்க" என்றார் ஒலிப்பதிவாளர். பாவம், தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பதினாறு டேக். வயலின்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த நாலு வரியை மறுநாள் வேறொருத்தி பாடினாள். எனக்கு நியூயார்க் கிடைக்கவில்லை.

'சூப்பர் ஹிட் ஆல்பம்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். 'சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்' ஒரு பாட்டுதான் இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் முதல் பத்துக்குள் வந்தது. அதுவும் முதலில் அரீத்தாவுக்குப் போய், அவர் வேண்டாம் என்ற பாட்டு. ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 99-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அன்றைக்கு யாரும் சீந்தாததை இன்று சூப்பர் ஹிட் என்று எழுதினால், அந்த அம்மாள் பட்ட பாடெல்லாம் எங்கே போவது?

அவர் கண் மைக்கும் கொண்டைக்கும் எட்டு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன். வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து உட்காரவைத்த கூட்டத்துக்குப் பாட மாட்டேன் என்று சொல்லி, 1964-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டாரே, அதற்கு அரை வரி இல்லை. போன வருஷப் பொங்கல் மலரிலும் இதே கதைதான். பாடகிகள் பற்றிய கட்டுரை என்று ஆசையாகப் பிரித்தால் பட்டுப்புடவையும் நெக்லஸும். அதைக் குறித்து எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டதோடு, 'கோரஸ் பாடகி' என்று நான் போட்ட கையெழுத்தைப் 'பிரபல பின்னணிப் பாடகி' ஆக்கிவிட்டீர்கள். என் நாத்தனார் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். குரல் பதிவானது நியூயார்க்கில் என்று. தயவுசெய்து ராசிபலனுக்கு அடியில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கோரஸ் பாடகி (ஓய்வு),
சென்னை - 24