முதல்ல பள்ளம்

புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். மழை நாளில் அம்மாவுக்கு முட்டிவலி கூடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். எட்டுப் பேர், ஒரு வாரம், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்குக் காட்டில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டை. ஒருவருக்குச் சமையல், ஒருவருக்குக் கூடாரம், ஒருவருக்கு விறகு. "எனக்கு மட்டும் கக்கூஸ் போடுற வேலைப்பா, புது ஆளுன்னு தள்ளிவிட்டுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ நான்காம் ஆண்டு படிக்கும்போது குடும்ப மரம் வரைந்தாய், ஞாபகம் இருக்கிறதா? தாத்தாவுக்கு என்ன வேலை என்று கேட்டாய். "தோட்டத்துல வேலை" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது பொய்யில்லை, ஆனால் முழுதையும் நான் சொல்லவில்லை. உன் தாத்தா இரப்பர்த் தோட்டத்தில் மலம் அள்ளும் தோட்டியாக இருந்தார்.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் கடைசியில் வரிசையாகக் கக்கூஸ்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாளி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னாலேயே, நாலு மணி இருட்டில், தாத்தா அந்த வாளிகளை இழுத்து வண்டியில் ஏற்றி, பால்மரங்களுக்கு அப்பால் நீளமாக வெட்டிய கான் பள்ளத்தில் கொட்டி மண் போட்டு மூடுவார். கார்பாலிக் சவர்க்காரம் தேய்த்து இரண்டு தடவை குளித்த பிறகுதான் எங்களைத் தொடுவார். இன்றைக்கும் அந்த வாசனை எங்கேயாவது வந்தால் எனக்கு அவர் நினைப்புதான். கல்யாண வீட்டில் அவருக்குச் சாப்பாடு தனியாக, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாற்காலி போடுவார். வாளி இரண்டு நாள் எடுக்காமல் கிடந்தால் மறுவாரம் தன் கட்டில்கள் நிரம்பும் என்பது அவருக்குத் தெரியும்.

தாத்தாவின் அப்பா காலத்தில் அந்த வாளியும் கிடையாதாம். இரப்பர் மர வரிசைக்குள்தான் எல்லாரும் போனார்கள். மறுநாள் அதே மண்ணில் வெறுங்காலோடு பால்வெட்டு. கொக்கிப்புழு பாதத்தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். வெளுத்துப்போய், நாலு மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கும் ஆள்களைச் சோம்பேறி என்று கங்காணி திட்டுவாராம். தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும்.

வேட்டைக்கு வருகிறேன். தோட்டத்து ஆள்கள் நாயும் ஈட்டியுமாகக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள். தாத்தா ஈட்டி பிடித்ததில்லை. மண்வெட்டியோடு போவார். இடம் சேர்ந்ததும் "முதல்ல பள்ளம், அப்புறம் அடுப்பு" என்பார். பந்தியில் தள்ளி உட்கார வைத்தவர்களும் காட்டுக்குள் அவர் சொல்லைத் தட்டியதில்லை.

1968இல் எனக்கு 14 வயது. கூலிமுக்கு அப்பால் சிடிம் ஆற்றுப் பக்கம் ஒன்பது பேர் போனோம். அந்தத் தடவை தாத்தாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. பள்ளம் வெட்ட யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் வசதிக்கு ஒதுங்கினார்கள். இரண்டாம் இராத்திரி பெருமழை. மேட்டில் கிடந்ததெல்லாம் ஓடைக்கு வந்தது, ஓடையில்தான் நாங்கள் தண்ணீர் மோந்தோம். மூன்றாம் நாள் எனக்கு இரத்தமும் சீதமுமாகப் போக ஆரம்பித்தது. கைலியைக் கம்பில் கட்டி என்னைத் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் மறுநாள் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். தாத்தா யாரையும் திட்டவில்லை. "தண்ணி எங்க மோந்தீங்க, எங்க ஒதுங்குனீங்க" என்று கேட்டு, ஆஸ்பத்திரி வாசல் மண்ணில் குச்சியால் ஓடையையும் மேட்டையும் கோடு போட்டுப் பார்த்தார். 1974இல் நான் சுகாதார இலாகாவில் சேர்ந்து, கிராமம் கிராமமாகத் தண்டாஸ் சூரா, அதாவது தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூஸ், கட்டச் சொல்லிக்கொடுக்கப் போனபோதெல்லாம் என் மனசில் இருந்த வரைபடம் அதுதான்.

ஆகவே, பாப்பா, உனக்குக் கிடைத்திருப்பது நம் வீட்டு வேலை. அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், கேள்.

புறப்படும் முன்னாலேயே அந்தக் காட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் குழி வெட்டலாமா என்று விசாரித்துக்கொள். சில இடங்களில் எல்லாவற்றையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும், கூடாரம் விரிப்பதற்கு முன்னால், நீ ஒரு சுற்று நடந்துவிட்டு வா. முதலில் தண்ணீரைத் தேடு. ஏரி, ஓடை, ஊற்று எதுவானாலும் அதிலிருந்து 60 மீட்டருக்குக் குறையக்கூடாது, உன் எட்டுக்கு ஒரு 80 எட்டு. படுக்கும் இடம், சமைக்கும் இடம், நடைபாதை எல்லாவற்றுக்கும் அதே தூரம். காய்ந்து கிடக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்து ஏமாறாதே. பனி உருகும்போது அதுதான் ஓடை. காற்று கூடாரத்துப் பக்கம் அடிக்காத திசையாகப் பார். இறைச்சியைத் தொங்கவிடும் இடத்தை விட்டு நன்றாக விலகிப் போ, இரத்த வாடைக்குக் கரடி வரும். புதர் மறைவு நல்லது என்று நம் மனசு சொல்லும், ஆனால் கரடிக் காட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறைப்புக்குக் கென்வாஸ் போதும். அதையும் மூன்று பக்கம் கட்டு. திறந்த பக்கம் கூடாரங்களுக்கு முதுகு காட்டி இருக்கட்டும்.

பள்ளம் எவ்வளவு? ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ என்று வை. எட்டுப் பேர், ஏழு நாள், மொத்தம் 14 கிலோ. அதோடு தாள், சாம்பல், மண். இரண்டடி நீளம், ஓரடி அகலம், இரண்டரை அடி ஆழம் தாராளம். மேலிருந்து ஓரடி மிச்சம் இருக்கும்போதே மூடிவிட வேண்டும். அதற்குமேல் தோண்டாதே. மண்ணுக்கு உயிர் மேல்பக்கம்தான். மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் அங்கேதான் நிறைய இருக்கும். நம் ஊர் வெக்கையில் எங்கே புதைத்தாலும் சீக்கிரம் மக்கும். அங்கே குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும், கிருமியும் நெடுநாள் தாங்கும். அதனால்தான் தண்ணீரிலிருந்து தள்ளிப் போ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குழிக்குள் தண்ணீர் ஊறினால் அந்த இடம் ஆகாது, மூடிவிட்டு மேட்டுக்குப் போ. வெட்டும்போது மேல்புல்லை வேரோடு பாளமாக எடுத்து நிழலில் வை, கடைசியில் வேண்டும்.

ஓரடியிலேயே பாறை தட்டினாலோ மண் உறைந்து இரும்பாக இருந்தாலோ மல்லுக்கட்டாதே. 20 லிட்டர் வாளி ஒன்று, அதற்குள் இரட்டைப் பை, ஒவ்வொரு தடவையும் மேலே மரத்தூள். இறுக்கக் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அதற்காக ஒரு வாளியும் பைகளும் எப்படியும் எடுத்துப் போ.

உனக்குக் குந்தத் தெரியும், அங்குள்ள பெரியவர்களுக்கு முட்டி மடங்காது. பலகையில் ஒரு பெட்டி செய்து ஓட்டை போட்டு, மூடியும் வை. மூடி இறுக்கமாக இருக்கட்டும். வாடைக்கு வரும் ஈ உள்ளே போகாது. உள்ளே போன ஈ வெளிச்சத்தைத் தேடும். இன்றைய ஜிம்பாப்வேயில் 1970களில் இதை வைத்தே ஒரு கக்கூஸ் செய்தார்கள். உள்ளே இருட்டு, மேலே நீண்ட குழாய், குழாய் நுனியில் கம்பிவலை. குழிக்குள் இருக்கும் ஈ குழாய் வழித் தெரியும் வெளிச்சத்துக்குப் பறந்து போய் வலையில் சிக்கிச் சாகும். பயிற்சியில் அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். குளிருக்கு இன்னொன்று: உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் வேண்டாம், சுவருக்கு வைக்கும் கெட்டி நுரைப்பலகையை வளையமாக வெட்டி வை. அது உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளாது, உறைபனியிலும் சில்லிடாது.

சிறுநீர் குழிக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி நாற்றம் இல்லை. ஆண்களுக்கு வேறு திசையில், தண்ணீரை விட்டுத் தள்ளி ஓர் இடம் காட்டிவிடு. பாறைமேலோ காய்ந்த ஊசியிலைமேலோ போகச் சொல். சிறுநீரில் உள்ள உப்புக்காக மிருகங்கள் வந்து புல்லையும் மண்ணையும் கிளறும். குழிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கை மண், கொஞ்சம் சாம்பல். சாம்பல் நன்றாக ஆறியதாக இருக்கட்டும். உள்ளே ஒரு கங்கு கிடந்தால் தாள் பற்றிக்கொள்ளும். சுண்ணாம்பு வாங்காதே, அது மக்குவதையும் நிறுத்திவிடும்.

தாளை மூடி போட்ட டின்னில் வை, எலி கடிக்காது, நனையாது. வேட்டைக் காலத்தில் வெள்ளைத் தாளைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்கக்கூடாது. அங்கே வெள்ளைவால் மான் மிரண்டால் வாலைத் தூக்கும், அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளை. மரத்துக்கு அந்தப்பக்கம் துப்பாக்கியோடு இருக்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆரஞ்சுச் சட்டை போடாமல் யாரும் கக்கூஸ் பக்கம் போகக்கூடாது என்று நீயே சட்டம் போடு. கக்கூஸ் உன் பொறுப்பு, சொல்ல உனக்கு அதிகாரம் உண்டு. நீ தண்ணீர்தான் பாவிப்பாய் என்று தெரியும். சின்ன போத்தல் மூடியில் துளை போட்டுக் கொண்டு போ, இராத்திரி ஜாக்கெட்டுக்குள் வைத்தால் உறையாது.

கை கழுவுவதுதான் பாதி வேலை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பந்தல் போடும்போது சாப்பாட்டு வரிசைக்கு முன்னால் நான் சவர்க்காரத்தோடு நின்றதைப் பார்த்திருக்கிறாய். பந்தல்காரர்களுக்கு என்மேல் கோபம்கூட வந்தது. அங்கேயும் அப்படி நில். ஐந்து லிட்டர் போத்தலின் கழுத்துப் பக்கம் ஓட்டை போட்டு மரக்கொம்பில் தொங்கவிட்டு, கழுத்திலிருந்து கயிறு இறக்கித் தரையில் ஒரு குச்சியில் கட்டு. காலால் மிதித்தால் போத்தல் சாய்ந்து தண்ணீர் வரும், அழுக்குக் கை எதையும் தொட வேண்டாம். சவர்க்காரத்தைப் பழைய காலுறையில் போட்டுப் பக்கத்தில் கட்டு. சாராய ஜெல் போதும் என்பார்கள். வயிற்றுப்போக்குத் தரும் ஜியார்டியா மாதிரி ஓட்டுக்குள் இருக்கும் கிருமியிடம் அது அவ்வளவாகப் பலிக்காது, சவர்க்காரமும் தண்ணீரும் தேய்த்தால்தான் போகும். குடிக்கும் தண்ணீரை எப்படியும் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

இனி அம்மா எழுதச் சொன்னது. தோட்டத்தில் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொள்வதற்காகப் பகலெல்லாம் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். நீர்க்கடுப்பு வந்து துடிப்பார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். உன் பாட்டிக்கும் அது இருந்தது. குளிருக்கோ கரடிக்கோ பயந்து நீயும் தண்ணீரைக் குறைத்துவிடாதே. கூடாரத்திலிருந்து கக்கூஸ்வரை ஒரு கயிறு கட்டிவிடு, இருட்டில் கயிற்றைப் பிடித்தே போகலாம். டார்ச்சும் கரடி ஸ்பிரேயும் கையில் இருக்கட்டும், சத்தமாகப் பேசிக்கொண்டே போ. இன்னொரு பெண் வருகிறாள் என்றாயே, அவளையும் கூப்பிட்டுக்கொள். நாப்கினைக் குழியில் போடாதே, மக்காது. இறுக்கமாக மூடும் பையில் கட்டிக் குப்பையோடும் சாப்பாட்டோடும் கரடிக்கு எட்டாத இடத்தில் வை. அங்கே யாராவது முகம் சுளித்தால் அது அவர்கள் பாடு.

திரும்பும் நாளில் குழியை மூடி, மண்ணை ஒரு சாண் மேடாகவே விடு, பிறகு அதுவே அமுங்கும். எடுத்து வைத்த புல்பாளத்தை மேலே பதித்துத் தண்ணீர் தெளி. இங்கே பழைய குழிமேல் வாழைக்கன்று வைப்போம். அங்கே அது முளைக்காது.

தாத்தாவின் மண்வெட்டி இன்னும் நம் ஸ்டோரில் இருக்கிறது, பிடி மட்டும் நான் மாற்றியது. நேற்று எடுத்துத் துரு தேய்த்து எண்ணெய் பூசினேன். பார்சலில் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன், அம்மா வேண்டாம் என்றாள். அங்கேயே நல்லதாக ஒன்று வாங்கு, மடக்குகிற பொம்மை மண்வெட்டி வேண்டாம். கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்.

வெட்டும்போது மண் என்ன நிறம், எத்தனையாவது அடியில் கல் வந்தது என்று பார்த்துவைத்து அப்பாவுக்கு எழுது.

அன்புடன்,
அப்பா